மருத்துவமனையின் உறுப்பினர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டார்கள். மருத்துவமனை நிர்வாகத்தைப் பல காலம் கற்பித்தவன் என்பதால் நிதி, மருந்துக் கொள்முதல், காப்பீடு என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வேன் என நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் நோயாளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் அந்த மருத்துவமனையின் காரியங்களில் கேள்வி கேட்கச் சட்டப்படி உரிமை உள்ள நோயாளியைப் பற்றி. அந்த உரிமையைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்து பார்த்த நாடு இங்கிலாந்து. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நடந்ததைச் சொல்லி, அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது என்று நான் நினைப்பதையும் சொல்கிறேன்.

2004 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பான என்.எச்.எஸ்.-இல் பத்து மருத்துவமனை நிறுவனங்கள் புதிய சட்டத் தகுதி ஒன்றைப் பெற்றன. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை, புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பேர்பெற்ற ராயல் மார்ஸ்டன், ஹோமர்ட்டன், வடக்கே பிராட்ஃபோர்ட், ஸ்டாக்போர்ட், தென்மேற்கே எக்ஸிட்டர் ஆகியவை அந்தப் பத்தில் அடங்கும். 'ஃபவுண்டேஷன் டிரஸ்ட்' என்று அவற்றுக்குப் பெயர். அன்று முதல், அந்த மருத்துவமனை இருக்கும் வட்டாரத்தில் குடியிருக்கும் யாரும் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்து அதன் உறுப்பினர் ஆகலாம் என்றானது. கட்டணம் கிடையாது. உறுப்பினருக்குத் தனி வரிசை, தனி அறை, முன்னுரிமைச் சிகிச்சை எதுவும் கிடையாது. கிடைப்பது ஒரு வாக்கு. தேர்தலில் நிற்கும் உரிமை.

உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்களை அங்கே கவர்னர் என்கிறார்கள். நம் காதுக்கு அந்தச் சொல் ஆளுநர் மாளிகையை நினைவூட்டும் என்பதால் பிரதிநிதி என்றே நான் சொல்லிப்போகிறேன். இந்தப் பிரதிநிதிகள் அவையில் பாதிக்கும் மேற்பட்டோர் பொதுமக்களும் நோயாளிகளும் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர். உள்ளாட்சி மன்றத்தின் சார்பில் ஒருவராவது இருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனை என்றால் பல்கலைக்கழகத்துக்கும் இடம் உண்டு. மூர்ஃபீல்ட்ஸ், ராயல் மார்ஸ்டன் போன்ற இடங்களுக்கு நோயாளிகள் தொலைவிலிருந்து வருகிறார்கள். அவர்கள் பக்கத்துத் தெருவில் குடியிருக்க வேண்டியதில்லை. அங்கே சிகிச்சை பெற்றவர் என்பதே போதும். அவர்களுக்கென்று தனித் தொகுதி வைத்தார்கள்.

இந்த அவைக்குக் கொடுத்த அதிகாரம் கனமானது. மருத்துவமனையை நடத்தும் இயக்குநர் குழுவின் தலைவரையும், ஊதியப் பணியில் இல்லாமல் வெளியிலிருந்து வரும் இயக்குநர்களையும் நியமிப்பது இந்த அவைதான். நீக்குவதும் இதுவே, நீக்க வேண்டுமானால் மொத்தப் பிரதிநிதிகளில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்ப வேண்டும். தலைமை நிர்வாகியின் நியமனத்துக்கு இவர்கள் ஒப்புதல் வேண்டும். தணிக்கையாளரை நியமிப்பவர்களும் இவர்களே. 2012ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி போனது. மருத்துவமனைகள் இணைவதற்கும் பிரிவதற்கும் இவர்களின் சம்மதம் தேவை என்றது. எந்த இயக்குநரையும் தங்கள் கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கேள்வி கேட்கலாம் என்றது. அதுவரை மூடிய கதவுக்குள் நடத்த முடிந்த இயக்குநர் குழுக் கூட்டத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்த வேண்டும் என்றது.

ஓய்வுபெற்ற ஒரு பேருந்து ஓட்டுநர், தன் மனைவிக்கு நடந்த இதய அறுவைச் சிகிச்சையின்போது அந்தக் கட்டடத்தை அறிந்துகொண்டவர், பல நூறு கோடி ரூபாய்க்குச் சமமான வரவுசெலவு கொண்ட மருத்துவமனையின் தலைவரை நேர்காணல் செய்யும் குழுவில் உட்கார முடியும் என்றால் அது சாதாரண மாற்றம் ஆகாது. காகிதத்தில் இவ்வளவு அதிகாரம் நோயாளிக்குக் கிடைத்த இடம் வேறு எங்கும் அதிகம் இல்லை.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்க ஊரான ட்ரெடிகருக்குப் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்த சுரங்கத் தொழிலாளிகளும் இரும்பாலைத் தொழிலாளிகளும் தங்கள் கூலியிலிருந்து சிறு தொகையைப் பிடித்துக்கொடுத்து ஒரு மருத்துவ உதவிச் சங்கத்தை நடத்தினார்கள். கூலி ஒரு பவுன் என்றால் மூன்று பென்னி. அந்தப் பணத்தில் சங்கம் மருத்துவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. பல் வைத்தியம், செவிலியர் சேவை, செயற்கை உறுப்பு, தொலைவில் உள்ள மருத்துவமனைக்குப் போக ரயில் கட்டணம் எல்லாம் கொடுத்தது. மருத்துவரைத் தேர்ந்தெடுத்ததும் கணக்குக் கேட்டதும் தொழிலாளிகளின் குழு. எழுத்தாளர் ஏ.ஜே. குரோனின் 1920களின் தொடக்கத்தில் இந்தச் சங்கத்தில் மருத்துவராக இருந்தார். 1937இல் வந்த அவருடைய 'தி சிட்டாடல்' நாவலில் அந்த அனுபவத்தின் சாயல் உண்டு. 1920களில் அந்த ஊர் மருத்துவமனைக் குழுவில், முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்த ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். அனைரின் பெவன். பின்னாளில் சுகாதார அமைச்சராகி 1948 ஜூலை 5 அன்று என்.எச்.எஸ்.-ஐத் தொடங்கிவைத்தவர் அவர்தான்.

பெவன் செய்த தேர்வு ஒன்று என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்திருக்கிறது. உறுப்பினர்கள் நடத்திய மருத்துவச் சங்கத்தில் வளர்ந்த மனிதர், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த 2,688 மருத்துவமனைகளை அரசுடைமை ஆக்கியபோது உள்ளூர் உறுப்பினர் என்ற இடத்தையே விட்டுவிட்டார். மருத்துவமனைகளை உள்ளாட்சிகளிடம் விடலாம் என்று அமைச்சரவையில் ஹெர்பர்ட் மாரிசன் வாதாடினார். பெவன் ஏற்கவில்லை. வசதியான ஊருக்கு நல்ல மருத்துவமனை, ஏழை ஊருக்குப் பாழடைந்த மருத்துவமனை என்ற நிலை ஒழிய வேண்டுமானால் பணமும் பொறுப்பும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். ஆகவே மருத்துவமனை அமைச்சருக்குப் பதில் சொல்லும். அமைச்சர் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்வார். உள்ளூரில் நியமன உறுப்பினர்கள் கொண்ட மேலாண்மைக் குழுக்கள் இருந்தன. மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. சமத்துவத்துக்காகக் கொடுத்த விலை அது. அந்த விலை தேவைப்பட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். கூலியில் பிடித்தம் கொடுக்க முடியாத விதவைக்கும் வேலையில்லாதவருக்கும் ட்ரெடிகர் முறை போதாது.

ஆனால் விலை கொடுத்தது கொடுத்ததுதான். அடுத்த கால் நூற்றாண்டுக்கு நோயாளியின் குரலுக்கென்று அந்த அமைப்பில் முறையான இடமே இல்லை. 1974இல் சமூகச் சுகாதார மன்றங்கள் வந்தன. மருத்துவமனைகளுக்குள் போய்ப் பார்க்கும் உரிமை அவற்றுக்கு இருந்தது. இங்கிலாந்தில் 2003இல் அவற்றைக் கலைத்தார்கள். பிறகு நோயாளர் மன்றங்கள், அவற்றையும் கலைத்து 2008இல் இன்னொன்று, 2013இல் 'ஹெல்த்வாட்ச்' என்று மற்றொன்று. ஓர் அமைப்பு வேலையைக் கற்றுக்கொள்ளும் முன்பே அதைக் கலைத்து, அதே வேலைக்குப் புதுப்பெயரில் இன்னொன்றைத் தொடங்கும் பழக்கம் அது. அந்த வரிசையை விரிவாகச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

ஆனால் ஃபவுண்டேஷன் டிரஸ்ட் வருவதற்கு முன் பிரிஸ்டலில் நடந்ததைச் சொல்லாமல் கடக்க முடியாது. பிரிஸ்டல் ராயல் மருத்துவமனையில் இதய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளான குழந்தைகள் பலர் இறந்தது பற்றி இயன் கென்னடி தலைமையில் விசாரணை நடந்து 2001 ஜூலையில் அறிக்கை வந்தது. 198 பரிந்துரைகள். சிகிச்சையின் முடிவுகள் மற்ற இடங்களைவிட மோசம் என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. குழந்தையை ஒப்படைத்த பெற்றோருக்குத் தெரியவில்லை. என்.எச்.எஸ்.-இன் ஒவ்வொரு மட்டத்திலும் பொதுமக்களுக்கு இடம் வேண்டும் என்பது அந்த அறிக்கையின் அழுத்தமான கருத்து.

சுகாதார அமைச்சராக இருந்த ஆலன் மில்பர்ன் ஃபவுண்டேஷன் டிரஸ்ட் திட்டத்தை முன்வைத்தது இதற்கடுத்த ஆண்டில். அவர் கையில் இரண்டு தனித்தனி எண்ணங்கள் இருந்தன. ஒன்று, மத்திய அரசின் அன்றாடக் கட்டளையிலிருந்து மருத்துவமனை நிர்வாகத்துக்கு விடுதலை: சொத்தை விற்க, கடன் வாங்க, மிச்சப்பட்ட பணத்தைத் தானே வைத்துக்கொள்ள. மற்றது, கூட்டுறவு இயக்கத்தின் வழிவந்த உள்ளூர் உடைமை: 1844இல் ராச்டேல் நெசவாளர்கள் தொடங்கிய கடையிலிருந்தும் ட்ரெடிகரிலிருந்தும் வந்த எண்ணம். மருத்துவமனை நிர்வாகிகள் ஆசைப்பட்டது முதலாவதற்கு. இரண்டாவது, ஆளும் தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சம்மதிக்க வைக்கத் தேவைப்பட்டது. அதற்குமேலும் எதிர்ப்பு அடங்கவில்லை. முன்னாள் சுகாதார அமைச்சர் ஃபிராங்க் டாப்சன் இது இரண்டு தர மருத்துவத்தை உண்டாக்கும் என்று எதிர்த்து நின்றார். 2003 நவம்பரில் இறுதி வாக்கெடுப்பில் அரசு 17 வாக்கு வித்தியாசத்தில்தான் தப்பியது. அதற்குள் மில்பர்ன் பதவி விலகி, ஜான் ரீட் அந்த இடத்துக்கு வந்திருந்தார்.

இந்த இரட்டைப் பிறப்பை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிர்வாகத்தின் விடுதலைக்குக் கணக்கு, ஒப்பந்தம், வங்கிக் கடன் என்று உறுதியான கருவிகள் முதல் நாளிலிருந்தே இருந்தன. உறுப்பினர் உரிமைக்கு ஒரு பதிவேடும் தேர்தலும் மட்டுமே இருந்தன. பிராட்ஃபோர்டில் முதல் ஆண்டே இது தெரிந்தது. மிச்சம் வரும் என்று சொன்ன கணக்கு சில மாதங்களில் பெரும் பற்றாக்குறையாக மாறியது. தலைவரை மாற்றியது யார்? அவரை மாற்றும் அதிகாரம் பெற்ற பிரதிநிதிகள் அவை அல்ல. லண்டனில் இருந்த 'மானிட்டர்' என்னும் ஒழுங்காற்று அமைப்பு. 

பதிவேடு என்னவோ வளர்ந்தது. பத்தாண்டுகளுக்குள் நாடு முழுக்க உறுப்பினர் எண்ணிக்கை 20 லட்சத்தை ஒட்டி வந்தது. ஊழியர்கள் பெரும்பாலும் தாமாகவே உறுப்பினர் ஆகிவிடுவார்கள். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால்தான் பெயர் நீங்கும். பொதுமக்களைச் சேர்க்க மருத்துவமனை வாசலில் மேசை போட்டார்கள், பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். அந்தந்த மருத்துவமனையின் விதிப்படி பதின்ம வயதினரும் சேரலாம். சேர்ந்தவர்களுக்குச் செய்தி மடல் வந்தது. ஆனால் பல தேர்தல்களில் நான்கில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. போட்டியே இல்லாமல் நிரம்பிய இடங்களும் நிறைய. பதிவேட்டில் வயதானவர்களும் வெள்ளையர்களும் கூடுதலாக இருந்தார்கள். உறுப்பினர் வட்டம் அந்த வட்டார மக்களைப் பிரதிபலிக்க முயற்சி எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தெற்கு லண்டனில் டூட்டிங் பகுதியில் உள்ள செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவமனை 2015இல் ஃபவுண்டேஷன் டிரஸ்ட் ஆனது. அதைச் சுற்றிய தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பேரப்பிள்ளை மொழிபெயர்க்க, மருத்துவரிடம் தன் நெஞ்சுவலியைச் சொல்லும் யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு அந்தப் பதிவேட்டில் இடம் உண்டு. அவரிடம் அதை யாராவது தமிழில் சொன்னார்களா என்பதைப் பொறுத்தே அந்த இடத்துக்குப் பொருள் வரும்.

இப்போது ஸ்டாஃபோர்டுக்கு வருகிறேன். இன்றைய பேச்சின் நடுப்பகுதி அதுதான்.

மத்திய இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் ஒரு நடுத்தர ஊர். அதன் மருத்துவமனையை நடத்திய நிறுவனம் ஃபவுண்டேஷன் டிரஸ்ட் தகுதிக்கு விண்ணப்பிக்கும் வேகத்தில் செலவைக் குறைத்தது. செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்தது. 2008 பிப்ரவரியில் தகுதி கிடைத்தது. அடுத்த மாதமே வேறோர் அரசு அமைப்பு, அங்கே இறப்புகள் ஏன் அதிகம் என்று விசாரணையைத் தொடங்கியது. தகுதி வழங்கிய அமைப்புக்கும் விசாரணை தொடங்கிய அமைப்புக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லாததை, பின்னர் நடந்த விசாரணைக்குத் தலைமை வகித்த ராபர்ட் ஃபிரான்சிஸ் தம் அறிக்கையில் கடுமையாகச் சுட்டினார்.

வார்டுகளில் நடந்தவை விசாரணை அறிக்கைகளில் பதிவாகியிருக்கின்றன. அழைப்பு மணியை அழுத்தினால் யாரும் வரவில்லை. கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாமல் நோயாளிகள் நனைந்த விரிப்பிலேயே மணிக்கணக்கில் கிடந்தார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போய், பிறகு தொடாத தட்டை எடுத்துப்போனார்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்பதை மருத்துவப் பயிற்சி இல்லாத வரவேற்பு ஊழியர்கள் தீர்மானித்தார்கள்.

ஜூலி பெய்லி என்ற பெண் அந்த ஊரில் ஒரு சிறு உணவகம் நடத்திவந்தார். 2007 நவம்பரில் அவருடைய தாய் பெல்லா அந்த மருத்துவமனையில் இறந்தார். தாயைத் தனியே விடப் பயந்து மகளும் உறவினரும் இரவும் பகலும் முறைபோட்டு வார்டில் இருந்தார்கள்; அதனால் மற்ற படுக்கைகளில் நடந்ததையும் பார்த்தார்கள். தாய் இறந்த பின் அவர் உள்ளூர்ச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். இதேபோல் இழந்தவர்கள் ஒவ்வொருவராக அவருடைய உணவகத்துக்கு வந்தார்கள். சுவரில் இறந்தவர்களின் படங்கள் ஏறின. 'க்யூர் தி என்.எச்.எஸ்.' என்று அந்தக் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். அவர்கள் விடாமல் கேட்டதன் விளைவாகத்தான் முழுமையான பொது விசாரணை வந்தது. 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு ஃபிரான்சிஸின் அறிக்கை வெளியானது.

அந்த மருத்துவமனைக்கும் சட்டப்படி உறுப்பினர்களும் பிரதிநிதிகளும் இருந்தார்கள். உள்ளாட்சியின் கண்காணிப்புக் குழு இருந்தது. நோயாளர் மன்றம் இருந்தது. அந்த மன்றம் தன் உள்விதிகளைப் பற்றிய பேச்சிலும் உறுப்பினர்களுக்கு இடையிலான சச்சரவிலும் காலத்தைக் கழித்தது என்பது விசாரணையின் முடிவு. இவர்களில் யார் மூலமாகவும் உண்மை வெளியே வரவில்லை. ஓர் உணவகத்திலிருந்து வந்தது.

ஏன்? நான் கண்ட பதில் இது. பிரதிநிதிகளுக்குக் கிடைத்ததெல்லாம் நிர்வாகம் தயாரித்துக் கொடுத்த தாள்கள். இயக்குநர் குழுவுக்கே புகார்கள் எண்ணிக்கையாகவும் வகைகளாகவும்தான் போயின. புகார்க் கடிதத்தில் இருந்த அந்தத் தாயும் அந்தத் தட்டும் அந்த விரிப்பும் வழியில் உதிர்ந்துவிட்டன. பெய்லிக்கு எந்தத் தாளும் வரவில்லை. அவர் இரவில் வார்டில் இருந்தார்.

சட்டத்தின் அமைப்பிலும் ஒரு கோளாறு இருக்கிறது. இயக்குநர் குழுவின் தலைவர் யாரோ அவரே பிரதிநிதிகள் அவைக்கும் தலைமை வகிப்பார். யாருடைய நிர்வாகத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமோ அவர் கையிலேயே கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் இருக்கிறது. தகவல் இரு பக்கமும் போய்வர இது உதவும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள். நல்ல தலைவர் வாய்த்த இடங்களில் அப்படி நடந்தும் இருக்கிறது. மருத்துவமனை கெட்டுப்போகும் காலத்தில்தான் கேள்வி தேவைப்படும்; அந்தக் காலத்தில் தலைவர் நல்லவராக இருப்பார் என்று நம்பி ஒரு சட்டத்தை எழுதக்கூடாது.

ஸ்டாஃபோர்டின் கதையில் இன்னொரு பகுதி உண்டு. அதைப் பேசாமல் உறுப்பினர் என்ற எண்ணத்தை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. விசாரணைக்குப் பின் அந்த மருத்துவமனையின் சேவைகளைக் குறைக்கும் திட்டம் வந்தது. 2013 ஏப்ரலில் ஊரே திரண்டு தெருவுக்கு வந்தது. பல்லாயிரக்கணக்கானோர், தங்கள் மருத்துவமனையைக் காப்பாற்ற வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள். அதே காலத்தில் ஜூலி பெய்லிக்கு மிரட்டல்கள் வந்தன. அவருடைய தாயின் கல்லறையைச் சேதப்படுத்தினார்கள். அவர் உணவகத்தை விட்டு, ஊரையும் விட்டு வெளியேறினார்.

ஊர்வலம் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் பிள்ளைகள் பிறந்த இடம் அது. ஒரு பிரசவ வலிக்கு இருபது மைல் போவதா என்ற அச்சம் நியாயமான அச்சம். மருத்துவமனை மீது மக்களுக்கு இருக்கும் பாசம் உண்மையானது. ஆனால் அந்தப் பாசமே, குறை சொல்பவரைப் பகைவராக்கவும் செய்தது. ஊர்வலத்தில் போனவரும் உணவகத்தில் கூடியவரும் ஒரே மருத்துவமனையின் உறுப்பினராகும் உரிமை பெற்றவர்கள்தாம். கேள்வி கேட்பது அந்த மருத்துவமனைக்குச் செய்யும் கடமை என்று முன்பிருந்தே எல்லோருக்கும் பழகியிருந்தால், பெய்லி தனி ஆளாகக் கேட்க நேர்ந்திருக்காது. உறுப்பினர் முறை செய்திருக்க வேண்டிய வேலை அதுதான் என்பது என் துணிபு. பாசத்தையும் கேள்வியையும் ஒரே ஆளிடம் சேர்த்து வைப்பது.

அந்த நிறுவனத்தை 2014இல் கலைத்தார்கள். மருத்துவமனைக்குப் பெயர் மாறி, பக்கத்து நகரத்தின் நிறுவனத்தோடு இணைந்தது. அதே ஆண்டு நவம்பரில், சிகிச்சையில் தவறு நேர்ந்து பாதிப்பு உண்டானால் அதை நோயாளியிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்ற கடமை என்.எச்.எஸ்.-இல் சட்டமானது.

ஸ்டாஃபோர்டுக்குப் பிறகு வந்தவற்றில் எனக்குப் பிடித்த ஏற்பாடு பெரிய சட்டம் எதுவும் இல்லை. 2013 முதல் இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் ஒரு பார்வையிடல் நடக்கிறது. பார்க்கும் குழுவில் குறைந்தது பாதிப்பேர் நோயாளிகளாகவோ பொதுமக்களாகவோ இருக்க வேண்டும். அவர்கள் வார்டு வார்டாகப் போகிறார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்கள். திரைச்சீலை முழுதாக மூடுகிறதா, கழிப்பறைக் கதவு உள்ளிருந்து தாழிடுகிறதா, மறதி நோய் உள்ளவருக்குக் கழிப்பறை எது என்று அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். நோயாளிக்கு வரும் சாப்பாட்டை வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண்கள் பொதுவில் வெளியாகின்றன. ஃபவுண்டேஷன் டிரஸ்ட்களின் பிரதிநிதிகள் பலர் இந்தக் குழுக்களில் போகிறார்கள். சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று சமைத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. நாக்கில் வைத்தால்தான் தெரியும். எழுபது பக்க நிதி அறிக்கையைப் பார்த்துக் குழம்பி உட்கார்ந்திருந்த பிரதிநிதிக்கு இங்கே தாள் தேவைப்படவில்லை. நோயாளியாக இருந்தபோது கற்றதே அவருக்குத் தகுதி.

அந்தத் தகுதியைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் எங்கும் உண்டு. மருத்துவம் தெரியாதவர் மருத்துவமனையை எப்படி மேற்பார்வை செய்வார் என்று என் மாணவர்களே கேட்டிருக்கிறார்கள். மருத்துவர் தம் துறையை அறிவார். செவிலியர் தம் பணிநேரத்தை அறிவார். மருந்தாளர் தம் சாளரத்தை அறிவார். வெளிநோயாளிச் சீட்டிலிருந்து ஸ்கேன் அறை, ரத்தப் பரிசோதனை, வார்டு, வீடு வரை முழுப் பாதையையும் நடந்தவர் நோயாளி ஒருவரே. பணிநேரம் மாறும்போது விடுபட்ட மருந்து, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் வழியில் தொலைந்த அறிக்கை, வீட்டுக்குப் போகலாம் என்று காலையில் சொல்லி மாலை வரை மருந்துக்காகக் காத்திருந்த நேரம் ஆகியவை எந்தத் துறையின் கணக்கிலும் வராது. அவர் கணக்கில் வரும்.

2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு என்.எச்.எஸ்.-க்கான பத்தாண்டுத் திட்டத்தை வெளியிட்டது. இனி ஃபவுண்டேஷன் டிரஸ்ட்களுக்குப் பிரதிநிதிகள் அவை கட்டாயமில்லை என்பது அதில் ஓர் அறிவிப்பு. ஹெல்த்வாட்ச் அமைப்பையும் மூடும் முடிவு அதே காலத்தில் வந்தது. நோயாளிகளின் கருத்தை வேறு வழிகளில், உடனுக்குடன் திரட்டிக்கொள்ளலாம் என்பது காரணம். இதை நான் எதிர்க்கிறேன். கருத்துத் திரட்டுவதில் கேள்வியைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். கைப்பேசியில் வரும் ஐந்து நட்சத்திரப் படிவத்தில், தலைவரின் பதவிக்காலத்தை நீட்டிக்கலாமா என்ற கேள்வி ஒருபோதும் இருக்காது. பிரதிநிதிகள் அவை பல இடங்களில் பலவீனமாக இருந்தது உண்மை. அதற்குத் தனித் தலைவரையும், தனக்கென்று ஒரு சிறு அலுவலகத்தையும், புகார்க் கடிதங்களை முழுதாகப் படிக்கும் உரிமையையும் கொடுத்துப் பார்க்காமலேயே முடித்துவைக்கிறார்கள்.

நம் பக்கம் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். 1994இல் இந்தூரின் மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையில் எலித்தொல்லை தாங்க முடியாமல் போனது. நோயாளிகளை வெளியேற்றி, கட்டடத்தை மூடி, எலிகளை ஒழித்து, ஊர்மக்கள் கொடுத்த நிதியோடு மருத்துவமனையைத் தூய்மை செய்தார்கள். அந்த முயற்சியிலிருந்து பிறந்தது ரோகி கல்யாண் சமிதி. 2005இல் தேசிய ஊரகச் சுகாதாரத் திட்டம் வந்தபோது அது நாடு முழுதும் பரவியது. தமிழ்நாட்டில் நோயாளர் நலச் சங்கம் என்ற பெயரில் நம் அரசு மருத்துவமனைகளில் இருப்பது அதுவே. சங்கத்துக்கு நிதி வருகிறது. சக்கர நாற்காலி வாங்கவும், குடிநீர்க் குழாய் போடவும், கழிப்பறை பழுதுபார்க்கவும் அந்த நிதி பெரிதும் உதவியிருக்கிறது. அதன் குழுவில் மாவட்ட ஆட்சியர் போன்ற அதிகாரிகள் பதவி வழியாக இடம்பெறுகிறார்கள். மக்கள் பிரதிநிதிகளும் நன்கொடையாளர்களும் வருகிறார்கள். பெயரில் இருக்கும் நோயாளரைத்தான் குழுவில் தேடவேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் சட்டத்தை இங்கே கொண்டுவந்து நடவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கான பேரைப் பதிவேட்டில் ஏற்றித் தேர்தல் நடத்தினால் நம் ஊரில் அது கட்சித் தேர்தலாக மாறிவிடும். இருக்கும் சங்கத்துக்குள்ளேயே தொடங்கலாம். சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் வரவுசெலவையும் வெளிநோயாளிப் பிரிவின் சுவரில், தமிழில், ஒட்டலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, பாதி நோயாளிகள் கொண்ட குழு ஒன்று வார்டுகளைச் சுற்றிவந்து எழுதித் தரலாம். அதில் ஒரு சுற்றாவது இரவில் இருக்க வேண்டும். அவர்கள் எழுதித் தந்த ஒவ்வொன்றுக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் எழுத்தில் பதில் தர வேண்டும். முடியாது என்றாலும் முடியாது என்று எழுத வேண்டும்.

யாரை அழைப்பது என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பெயர்ப் பட்டியல் தயாராக இருக்கிறது. அது ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஏற்கெனவே இருக்கிறது. டயாலிசிஸ் பிரிவின் வருகைப் பதிவேடு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் அங்கே வந்து படுத்திருப்பவர்கள் அவர்கள். எந்த இயந்திரம் அடிக்கடி நிற்கும், எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்தப் பணிநேரத்தில் ஆள் குறைவு, புதிதாக வந்த நோயாளி எந்தச் சாளரத்தில் அலைக்கழிகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களோடு கூடவே வந்து வராந்தாவில் காத்திருக்கும் மனைவிக்கும் மகனுக்கும் இன்னும் நன்றாகத் தெரியும். நோயாளர் நலச் சங்கத்தில் முதல் இரண்டு இடங்களை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும், அந்தக் கூட்டத்தை அவர்களுக்கு டயாலிசிஸ் இல்லாத நாளில் வைக்க வேண்டும் என்பது இந்த அவையில் நான் வைக்கும் கோரிக்கை.